என்ன வேலை பார்க்கிறீர்கள், எப்போது நிறுத்தப் போகிறீர்கள்? (சேலம், ஏற்காடு ஆட்கள் வரவும்)

இசட்மில் | சனி இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு அடுத்த வருடம் 60 முடிகிறது. வேலை சேலம் உருக்காலையில், கோல்டு ரோலிங் பிரிவு, அதாவது உருக்குத் தகட்டைச் சூடாக்காமலே உருளைக்குள் விட்டு மெல்லியதாக்குவது. ஆலை 1981-ல் ஓட ஆரம்பித்தது, நான் வந்து சேர்ந்தது அதற்கு ரொம்பப் பின்னால். ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட் என்று சுற்றிச் சுற்றி உடம்பே அப்படிப் பழகிவிட்டது.

கல்யாண வீட்டில் பார்க்கிறவர், டவுன்ஷிப்பில் பார்க்கிறவர், கறிக்கடையில் பார்க்கிறவர் எல்லாருக்கும் இப்போது ஒரே கேள்விதான்: "அப்புறம், ரிட்டயர் ஆகி என்ன பண்ணப் போறீங்க?" பணம் எவ்வளவு வரும் என்பதைத்தான் அப்படிச் சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

ராத்திரி வேலையான சி ஷிப்ட் தொலைகிறதே என்று எனக்குச் சந்தோஷம்தான். ஒன்றுதான் உறுத்துகிறது. மில் ஓடும் சத்தத்தை வைத்தே ரோல் எங்கே இடிக்கிறது, தகடு எப்போது அறுந்துகொள்ளும் என்று சொல்லிவிடுவேன். புதிதாக வந்த பையன்கள் திரையைப் பார்ப்பார்கள், நான் காதைக் கொடுப்பேன். அந்தக் காதை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? மிக்ஸி சத்தம் சரியில்லை என்று சொல்லி ஏற்கெனவே திட்டு வாங்கியாயிற்று.

நீங்கள் என்ன வேலை? நிறுத்த ஆசையா, பயமா? பென்ஷன் கணக்கும் பேசலாம், கூச்சம் வேண்டாம்.

செவ்வாய்பேட்டை கொலுசு | சனி இரவு 9:50

அண்ணா, உங்களுக்குத் தேதி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். எங்களுக்கு யார் போடுவது?

வெள்ளிக் கொலுசுப் பட்டறை நம்முடையது. சொந்தம் என்று பேர்தான், கடைக்காரர் கொடுக்கும் வெள்ளிக்குக் கூலிக்குச் செய்து கொடுப்பது. எங்கள் தொழிலில் ரிட்டயர்மென்ட் ஒரே நாளில் வராது, படிப்படியாக இறங்கும். முதலில் பற்றவைப்பு. பொடி வைத்து ஊதும்போது தீ நாக்கு வளையத்தில் படுகிறதா, பக்கத்துச் சலங்கையில் படுகிறதா என்று கண் சொல்ல வேண்டும். ஒரு இமைப்பொழுது அதிகம் பட்டால் சலங்கை உருகி உட்கார்ந்துவிடும், நஷ்டம் நம் கூலியில்தான். நாற்பத்தைந்து தாண்டினால் அந்தக் கண் மங்க ஆரம்பிக்கும். உடனே ஆளை வளையம் கோக்கும் வேலைக்கு மாற்றுவார்கள். அதற்கும் விரல் நடுங்கினால் மெருகு. அதுவும் முடியாதவர் பட்டறையைக் கூட்டி அள்ளுவார். சிரிக்காதீர்கள், அந்தத் தூசியில் வெள்ளி இருக்கிறது. நம்பகமான பெரியவரிடம் தவிர வேறு யாரிடமும் துடைப்பத்தைக் கொடுக்க மாட்டோம்.

என் மாமா இப்போது துடைப்பத்தில் இருக்கிறார். ஒரு காலத்தில் அவர் ஊதின கொலுசைத் திருப்பிப் பார்த்தால் பற்று எங்கே என்றே தெரியாது. நான் இன்னும் ஊதிக்கொண்டிருக்கிறேன், கண்ணாடி நம்பர் மட்டும் ஏறுகிறது. ஆசையா பயமா என்று கேட்டீர்கள். இரண்டுக்கும் நேரமில்லை, வைகாசி முகூர்த்த ஆர்டர் நிற்கிறது.

சங்ககிரி 12 வீல் | சனி இரவு 10:31

இசட்மில் அண்ணா, அந்தக் காதை அப்படியே சங்ககிரிக்குக் கொண்டுவாருங்கள். எங்கள் ஓனர் வண்டியில் சத்தம் வருவது பேரிங்கா, கிரவுனா (பின் அச்சுப் பல்சக்கரம்) என்று தெரியாமல் மூன்று பட்டறை பார்த்தாகிவிட்டது.

நான் லாரி டிரைவர். டிரைவராக இருந்தேன் என்று சொல்ல வேண்டும். ஹெவி லைசென்ஸை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை டாக்டர் சான்றோடு புதுப்பிக்க வேண்டும். கடைசி முறை கண் டாக்டர், "ராத்திரி ஓட்டாதீங்க" என்றார். ராத்திரி ஓட்டாத லாரி டிரைவரை யார் வைத்துக்கொள்வார்கள்? இப்போது புக்கிங் ஆபீசில் உட்கார்ந்து போன் பேசுகிறேன். டெல்லிக்கு லோடு, கொல்கத்தாவுக்கு லோடு, எல்லாம் வாயிலேயே போய் வந்துவிடும்.

நேரத்துக்குச் சாப்பாடு கிடைக்க ஆரம்பித்த பிறகுதான் சுகர் இருப்பதே தெரிந்தது.

பழைய டீச்சர் | ஞாயிறு காலை 6:45

நான் நேர் எதிர்க்கட்சி. ரிட்டயர் ஆனதில் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. இதைச் சொன்னால் ஏனோ ஆட்கள் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

அரசுப் பள்ளித் தலைமையாசிரியை. 2020 மே 31-ல் 58 வயதில் ஓய்வு பெற வேண்டியவள். பாராட்டு விழாவுக்குப் பட்டுப்புடவை எடுத்து, பிளவுஸும் தைத்தாகிவிட்டது. மே முதல் வாரத்தில் அரசாணை வந்தது, வயது 59 என்று. சரி, புடவை எங்கும் போகாது என்று பீரோவில் வைத்தேன். 2021 பிப்ரவரியில் மறுபடி அறிவிப்பு, 60 என்று. அந்த இரண்டு வருடத்தில் பெரும்பகுதி கொரோனா. பிள்ளைகள் கல்வித் தொலைக்காட்சி முன்னால், நாங்கள் பூட்டிய வகுப்பறைகளுக்கு முன்னால். கடைசியில் 2022-ல் விழா நடந்தபோது அந்த பிளவுஸ் பிடிக்கவில்லை.

எல்லாரும் "பிள்ளைங்க இல்லாம எப்படி இருக்கீங்க" என்று கேட்கிறார்கள். உண்மையைச் சொல்கிறேன். தலைமையாசிரியை ஆன பிறகு பிள்ளைகளோடு இருந்த நேரம் குறைவு. சத்துணவு முட்டை எண்ணுவது, கழிவறைக்குத் தண்ணீர் வரவில்லை என்று போன் போடுவது, கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டிய பதிவுகள், அதற்குள் இன்னொரு கூட்டம். அதைக் கழற்றிப் போட்டவளுக்கு என்ன வருத்தம் இருக்கும்?

இப்போது வாரம் ஒருநாள் டவுன் பஸ்ஸில் கிளம்பிவிடுகிறேன். 2021-லிருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லையே. தாரமங்கலம் கோயில் மண்டபத்தில் ஒரு முழு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு தூணாகப் பார்த்தேன். பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப்போனபோது தலையை எண்ணிக்கொண்டே இருந்ததில் ஒரு தூணைக்கூடப் பார்த்ததில்லை.

மாடித்தோட்டம் | ஞாயிறு காலை 8:20

அருமை டீச்சர். நான் சேலத்துக்காரன், வேலை பெங்களூரில். என் திட்டம் இதுதான்: 55-ல் நிறுத்திவிட்டு ஏற்காட்டில் சின்னதாக ஒரு வீடு. காலையில் மூடுபனி, கையில் காபி, பின்பக்கம் நாலு மிளகுக் கொடி. நிலம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

சிபிஎஸ்2006 | ஞாயிறு காலை 9:05

டீச்சருக்கு ஊர் சுற்றக் கசக்குமா? பழைய பென்ஷன். 2003 ஏப்ரல் 1-க்குப் பின்னால் அரசு வேலைக்கு வந்த எங்களைக் கேளுங்கள். மாதாமாதம் சம்பளத்தில் பத்து சதவீதம் பிடித்தம், பங்களிப்பு ஓய்வூதியம் (சிபிஎஸ்) என்று பேர் வைத்தார்கள். ஒரே ஸ்டாப் ரூம், ஒரே பாடம், ஒரே கரும்பலகை. சேர்ந்த தேதி மட்டும்தான் வேறு. இதில் எந்தக் கட்சி என்ன சொன்னது தெரியுமா...

(மீதியை நெறியாளர் வெட்டியிருக்கிறார்.)

கிழங்கு மில் | ஞாயிறு காலை 9:18

அரசு ஊழியர்களே, உங்களுக்குள் அடித்துக்கொள்ளுங்கள். பத்து சதவீதம் பிடிக்கும் அளவுக்குச் சம்பளம் இருக்கிறதே, அதைச் சொல்லுங்கள்.

ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி மில்லில் சூபர்வைசர் நான். சீசனில் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) லாரி வரிசை கட்டி நிற்கும், ராத்திரி பகல் கிடையாது. களத்தில் மாவு காயும்போது ஒரு தூறல் விழுந்தால் இருக்கிற ஆள் எல்லாரும் ஓட வேண்டும், சூபர்வைசரும்தான். 57 ஆகிறது, ஓட முடியவில்லை. 1999 செப்டம்பரிலிருந்து பி.எப். பிடிக்கிறார்கள். 58-ல் எனக்கு என்ன பென்ஷன் வரும்? விவரம் தெரிந்தவர் சொல்லுங்கள். மில்லில் கேட்டால் "வரும் வரும்" என்கிறார்கள்.

நெறியாளர் | ஞாயிறு காலை 9:30

கட்சி அரசியலுக்கு வேறு இழை இருக்கிறது. இங்கே வேண்டாம். பழைய பென்ஷன், புதிய பென்ஷன் பற்றி உங்கள் சொந்தக் கணக்கைத் தாராளமாக எழுதலாம்.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு காலை 10:40

கிழங்கு மில் ஐயா, மில்லிலும் கடையிலும் கணக்கு எழுதிப் பிழைப்பவன் என்பதால் சொல்கிறேன். உங்களுக்கு வருவது இ.பி.எஸ். 95, பி.எப். பிடிக்கும் தொழிலாளர்களுக்கான 1995 ஓய்வூதியத் திட்டம். சூத்திரம் எளிது: சம்பளம் பெருக்கல் சர்வீஸ், வகுத்தல் 70. ஆனால் 'சம்பளம்' என்பது நீங்கள் வாங்குவதல்ல. எவ்வளவு வாங்கினாலும் வரம்பு 15,000. அதுவும் 2014 செப்டம்பர் 1-க்குப் பிறகான வருடங்களுக்கு மட்டும். அதற்கு முந்தையவற்றுக்கு வரம்பு 6,500.

உங்கள் சம்பளம் வரம்பைத் தொட்டிருந்தால், 2014 வரை 15 வருடம்: 6,500 × 15 ÷ 70, அதாவது 1,393. 2026 செப்டம்பரில் 58 முடிகிறது என்று வைத்துக்கொண்டால் அதற்குப் பின் 12 வருடம்: 15,000 × 12 ÷ 70, அதாவது 2,571. இருபது வருடத்துக்கு மேல் சர்வீஸ் இருப்பதால் இரண்டு வருடம் கூடுதலாகச் சேர்ப்பார்கள். ஆக மொத்தம் நாலாயிரத்துச் சொச்சம்.

ஆறாயிரம் வரும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது எல்லா வருடத்தையும் 15,000-ல் பெருக்கியதால் வருவது. பென்ஷன் தானாக வந்து விழாது, 10-டி படிவம் கொடுக்க வேண்டும். 58-ல் வாங்காமல் 60 வரை தள்ளிவைத்தால் வருடத்துக்கு 4 சதவீதம் கூடும். அவசரப்பட்டு 58-க்கு முன்னால் வாங்கினால் அதே 4 சதவீதம் வருடத்துக்குக் குறையும்.

கிழங்கு மில் | ஞாயிறு காலை 10:52

நாலாயிரமா. என் வீட்டு வாடகையே ஆறு.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு காலை 11:03

பென்ஷன் அவ்வளவுதான். பி.எப். மொத்தத் தொகை தனி, கிராஜுவிட்டி (பணிக்கொடை) தனி. அவை இரண்டும் கைக்கு வந்ததும் மச்சான் கேட்டார், மருமகன் கேட்டார் என்று பிரித்துவிடாதீர்கள். 60 ஆனதும் தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் போடலாம். ஐந்து வருடம், வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கில் விழும். 2023-ல் வரம்பை 15 லட்சத்திலிருந்து 30 லட்சம் ஆக்கினார்கள். நம் ஆட்களுக்கு 30 லட்சம் எங்கே, அது வேறு பேச்சு. கையில் பணம் வந்தால் சீட்டுக்காரரைத் தேடிப் போகாமல் அங்கே போங்கள் என்பதுதான் நான் சொல்வது.

பழைய டீச்சர் | ஞாயிறு காலை 11:30

சிபிஎஸ் தம்பி சொன்னதில் தப்பில்லை. மாதம் பிறந்தால் பென்ஷன் வருகிறது, அதனால்தான் தூணைப் பார்க்க முடிகிறது. என் பள்ளியிலேயே 2003-க்கு முன்னும் பின்னும் சேர்ந்தவர்கள் பக்கத்துப் பக்கத்து மேஜையில் இருந்தார்கள். ரிட்டயர்மென்ட் பேச்சு வந்தால் ஒரு மேஜை பேசும், ஒரு மேஜை எழுந்து போய்விடும்.

நாகலூர் | ஞாயிறு மதியம் 1:15

மாடித்தோட்டம் அண்ணனுக்கு.

நான் ஏற்காட்டில் ஒரு விடுதியில் ரிசப்ஷனில் இருக்கிறேன். வாரக் கடைசியில் வருகிறவர்களில் பத்துக்கு நாலு பேர் உங்களைப் போலவே நிலம் கேட்பார்கள். தாராளமாக வாங்கண்ணா. சிலதை மட்டும் சொல்லிவிடுகிறேன். மூடுபனி படத்தில் அழகு, துணி காயாது. மூட்டு வலி இருந்தால் அது முதலில் உங்களுக்குச் சொல்லும். பெரிய வைத்தியம் என்றால் கீழே சேலம்தான், முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவு. 2024-ல் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றுபோனது ஞாபகம் இருக்கும். காட்டெருமை ராத்திரி உங்கள் மிளகுக் கொடிப் பக்கம் வந்து நிற்கும், விரட்டப் போகாதீர்கள்.

இதே மலையில் ரிட்டயர்மென்ட் என்றால் எங்களுக்கு வேறு அர்த்தம். அம்மா காபி எஸ்டேட்டில் பெர்மனென்ட். கார்த்திகையில் ஆரம்பித்தால் தை வரைக்கும் பழம் பறிப்பு, அது முடிந்தால் கவாத்து, களை, சில்வர் ஓக்கில் ஏணி போட்டு மிளகு. வயது முடிந்தது என்று எஸ்டேட் கணக்கர் (ரைட்டர்) சொன்ன அன்றைக்கு வேலை மட்டும் போகவில்லை, எஸ்டேட் கொடுத்திருந்த லைன் வீடும் போனது. பிறந்ததிலிருந்து நாங்கள் இருந்த வீடு. அப்பா ஊர்ப் பக்கம் சின்ன நிலம் இருந்ததால் தப்பித்தோம். அது இல்லாதவர்கள் திருப்பூருக்கோ பெங்களூருக்கோ பிள்ளைகளிடம் போய்விடுகிறார்கள்.

நீங்கள் ரிட்டயர் ஆனால் மலை ஏறுவீர்கள். எங்கள் ஆட்கள் ரிட்டயர் ஆனால் மலை இறங்குகிறார்கள். கோபமாகச் சொல்லவில்லை, நடப்பது இதுதான்.

அம்மா இப்போதும் சீசனில் அதே எஸ்டேட்டுக்குத்தான் போகிறார், டெம்பரரியாக. மேஸ்திரியே ஆள் அனுப்புகிறார். அம்மா கைக்குப் பழுத்தது மட்டும்தான் வரும், ஒரு பச்சைக்காய் கூடையில் விழாது. வயதாகிவிட்டது என்று அனுப்பியவர்களுக்கு அந்தக் கை மட்டும் வேண்டியிருக்கிறது.

மாடித்தோட்டம் | ஞாயிறு மதியம் 1:58

காட்டெருமை விஷயம் எனக்குத் தெரியாதுங்க. லைன் வீடு விஷயமும்தான். நான் ஏதோ சாதாரணமாகக் கேட்டுவிட்டேன். அம்மாவுக்கு வர வேண்டிய பணமாவது முறையாக வந்ததா?

தட்டுவடை அக்கா | ஞாயிறு மாலை 4:10

எல்லாரும் சீரியஸாகப் பேசுகிறீர்கள், நடுவில் நான் வரலாமா?

நான் சாயங்காலத் தள்ளுவண்டியில் தட்டுவடை செட் போடுகிறவள், இரண்டு தட்டுவடைக்கு நடுவில் சட்னியும் காய்த் துருவலும் வைத்துக் கொடுப்பது. ரிட்டயர் ஆனது நானல்ல, என் வீட்டுக்காரர். தனியார் மில்லில் ஸ்டோர்ஸ் பார்த்தவர். ஒரு மாதம் டிவி முன்னால் உட்கார்ந்தார். அப்புறம் "நானும் வரேன்" என்று வண்டிக்கு வந்தார். வந்த முதல் வாரமே ஸ்டாக் நோட்டு போட்டுவிட்டார். தட்டுவடை வரவு, உடைசல், செலவு. உடைந்த தட்டுவடையை எல்லாம் நொறுக்கலுக்குப் போடுகிறோமே, அதை ஏன் உடைசல் என்று எழுத வேண்டும் என்று எனக்கும் அவருக்கும் சண்டை.

ஆனால் பீட்ரூட் துருவ விட்டால் அவரை மிஞ்ச ஆளில்லை. இழை இழையாக, ஒரே நீளம். நான் துருவினால் சாறு விட்டு வடை நமத்துப்போகும். அவர் துருவினதை ஒட்டப் பிழிந்து கேரட்டோடு கலந்து வைத்தால் ராத்திரி ஒன்பது மணி வரை முறுமுறுப்பு போகாது. மேலே வைக்கிற வடையைப் பச்சைச் சட்னி தொட்டுத்தான் வைக்க வேண்டும், கீழே காரச் சட்னி என்று இப்போது கஸ்டமருக்கே பாடம் எடுக்கிறார்.

மில்லில் இருந்த வரைக்கும் இவ்வளவு பேசுகிற மனிதர் என்றே தெரியாது.

செவ்வாய்பேட்டை கொலுசு | ஞாயிறு மாலை 4:26

அக்கா, வண்டி எந்தப் பக்கம் நிற்கிறது?

தட்டுவடை அக்கா | ஞாயிறு மாலை 4:31

அம்மாபேட்டை மெயின் ரோட்டுக்கு வந்து பீட்ரூட் வாத்தியார் வண்டி எது என்று கேளுங்கள் தம்பி.

தறிவீட்டுப் பையன் | ஞாயிறு இரவு 8:47

அம்மாபேட்டை என்றதும் எழுதத் தோன்றியது. எங்கள் வீட்டில் குழித்தறி. அப்பா வெண்பட்டு வேட்டி நெய்கிறார். நான் சாப்ட்வேர், வீட்டிலிருந்தே வேலை. அவர் தறிச் சத்தம் என் மீட்டிங்கில் கேட்கும், அங்கே இருப்பவர்கள் ஏதோ கட்டட வேலை நடக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. நிறுத்துங்கள் என்று நாங்கள் சொல்வதும், "இந்தப் பாவு முடியட்டும்" என்று அவர் சொல்வதும் வருடக்கணக்காக நடக்கிறது. பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஏற்றும் இழைகள். நானும் நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கூட உட்கார்ந்து பார்த்தபோதுதான் சூட்சுமம் புரிந்தது. பாவு தீரும் தறுவாயில் பழைய இழைகளை அறுத்துத் தறியைக் காலி செய்வதில்லை. அச்சிலும் விழுதிலும் பழைய இழையின் நுனி அப்படியே நிற்கும். புதுப் பாவின் இழையை அதன் நுனியோடு ஒவ்வொன்றாகச் சேர்த்து விரலால் ஒரு முறுக்கு, சாம்பல் தொட்டு இன்னொரு முறுக்கு. இப்படி ஆயிரக்கணக்கான இழை. பிணைத்து முடித்து இழுத்தால் பழைய பாவின் வாலைப் பிடித்துக்கொண்டே புதுப் பாவு உள்ளே வந்துவிடும். தறி ஒருநாளும் வெறுமையாக இருப்பதில்லை. அப்படியென்றால் எந்தப் பாவு முடிவது?

இதை அப்பாவிடம் கேட்டேன். "இப்பத்தான் கண்டுபிடிச்சியா" என்றார்.

கூலி என்று பார்த்தால் நிறுத்திவிடலாம். முதியோர் உதவித்தொகையை 2023-ல் 1,200 ஆக்கினார்கள். நான் சம்பாதிக்கிறேன். பணத்துக்காக அவர் மிதிக்கவில்லை. எங்கள் தெருவில் முன்பெல்லாம் வீட்டுக்கு வீடு சத்தம் கேட்கும். இப்போது விசைத்தறி, இல்லாவிட்டால் வாடகைக்கு விட்ட வீடு. தான் நிறுத்தினால் பாவு பிணைக்க வருகிற பெரியவருக்கும் வேலை போய்விடும் என்று ஒருமுறை வாய்தவறிச் சொன்னார். அவரும் அப்பா வயதுதான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காரணம் காட்டி வேலை பார்க்கிறார்கள்.

இசட்மில் | ஞாயிறு இரவு 9:40

தம்பி, அப்பாவை விட்டுவிடுங்கள். நிறுத்தச் சொல்லாதீர்கள். வேண்டுமானால் தறிக்குழி மேல் நல்ல வெளிச்சமாக ஒரு விளக்கும், முதுகுக்குச் சாய்மானமும் போட்டுக் கொடுங்கள். எங்கள் ஆலையில் ஆளைக் கேட்காமல் வெளிச்சம் மாற்றினால் முதலில் திட்டுவார்கள், மறுநாள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

தறிவீட்டுப் பையன் | ஞாயிறு இரவு 9:55

விளக்கு போட்டேன். வெள்ளைப் பட்டு கண் கூசுகிறது என்று பேப்பர் சுற்றி வைத்திருக்கிறார். சாய்மானத்தைப் பூனை எடுத்துக்கொண்டது.

நாகலூர் | ஞாயிறு இரவு 10:20

மாடித்தோட்டம் அண்ணா கேட்டதற்கு: பி.எப். வந்துவிட்டது. கிராஜுவிட்டி வரவில்லை. எஸ்டேட் பெயர் வேண்டாம். "ஆபீஸ்ல பேசிட்டு இருக்கோம்" என்றே ஒரு வருடமாகச் சொல்கிறார்கள். சீசன் வேலையும் அங்கேதான் என்பதால் அம்மா அழுத்திக் கேட்கப் பயப்படுகிறார். கணக்குப்பிள்ளை ஐயா, எஸ்டேட் கூலிக்குக் கிராஜுவிட்டி உண்டுதானே?

கணக்குப்பிள்ளை | ஞாயிறு இரவு 10:44

கண்டிப்பாக உண்டும்மா. 1972 பணிக்கொடைச் சட்டத்தில் தோட்டத் தொழிலும் பெயர் சொல்லியே இருந்தது, 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. ஐந்து வருடம் தொடர்ச்சியாக வேலை பார்த்திருந்தால் போதும். தினக்கூலி என்றால் கடைசியாக வாங்கிய நாள் கூலியை 15-ஆல் பெருக்கி, அதை வேலை பார்த்த வருடங்களால் பெருக்குங்கள். பேச்சுக்கு 400 ரூபாய் கூலி, 30 வருடம் என்றால் 1,80,000. முப்பது நாளைக்குள் கொடுத்திருக்க வேண்டும், தாமதத்துக்கு வட்டியும் உண்டு.

முதலில் எழுத்தில் ஒரு விண்ணப்பம் கொடுங்கள், நகலில் கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபால். அதற்கும் பதிலில்லை என்றால் சேலத்தில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு. நாள் கடந்துவிட்டது என்றால் காரணத்தை மனுவிலேயே எழுதலாம். வக்கீல் கட்டாயமில்லை.

நாகலூர் | ஞாயிறு இரவு 10:58

சரிங்க ஐயா. அம்மாவிடம் பழைய சம்பளச் சீட்டு கொஞ்சம்தான் இருக்கிறது. லைன் வீடு காலி செய்யும்போது மீதி நனைந்துபோனது. அது போதுமா?

கணக்குப்பிள்ளை | ஞாயிறு இரவு 11:06

இருப்பதை எடுத்துவையுங்கள். பி.எப். கணக்கில் சேர்ந்த தேதியும் விட்ட தேதியும் இருக்கும், அதைப் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். கூட வேலை பார்த்தவர் ஒருவர் வந்து சொன்னால் இன்னும் பலம். விண்ணப்பம் எழுதியதும் பெயர்களை மறைத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

நாகலூர் | ஞாயிறு இரவு 11:09

நாளைக்கே எழுதிவிடுகிறேன்.